எண்ணூர் சாலைக்கு எந்த ஏர் இன்டேக்? பேப்பர், காட்டன், திறந்த கோன், கோல்டு ஏர் பைப்: ஓர் ஒப்பீடு

எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் ஓடும் ஒரு காரின் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் தாளின் மேல் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். விழுவது வெறும் மண் புழுதி அல்ல. டயர்த் தூள், டீசல் புகைக்கரி, நிலக்கரிப் பொடி, அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் எல்லாம் கலந்து விழும். காசிமேட்டிலிருந்து கடலை ஒட்டியே ஓடும் வண்டி என்றால் உப்பு ஈரமும் சேர்ந்து இந்தப் பொடி மடிப்புக்குள் களிம்பு போல அப்பியிருக்கும். தட்டினாலும் விழாது.

ஏர் இன்டேக்கில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில், கை வைக்க நினைக்கிறவர் இந்தத் தாளிலிருந்து தொடங்குவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுச் சுத்தமான சாலையை மனதில் வைத்துப் பேசுகின்றன. அங்கே கேள்வி, எவ்வளவு காற்று போகிறது என்பது. இங்கே அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன: எவ்வளவு சூடான காற்று போகிறது, அதோடு என்னவெல்லாம் சேர்ந்து போகிறது.

முதலில் கணக்கு

1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,600 லிட்டர். 60 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் அந்தக் காற்று நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தை உண்டாக்கச் செலவாகும் அழுத்தம் கால் கிலோபாஸ்கல்தான். வளைவுகளையும் சேர்த்தால் அரை கிலோபாஸ்கல் என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆகவே பைப்பை மூன்று இன்ச் ஆக்கினாலும் பளபளவென்று பாலிஷ் போட்டாலும் மீளக்கூடியது அரை சதவீதத்துக்குள்ளேதான்.

இப்போது வெப்பத்தைப் பாருங்கள். 35 டிகிரி காற்றைவிட 65 டிகிரி காற்று ஏறத்தாழ 9 சதவீதம் அடர்த்தி குறைவு. தோராயமாக 3 டிகிரிக்கு 1 சதவீதம் போகிறது. போதாததற்கு, உள்ளே வரும் காற்று சூடு என்று சென்சார் சொன்னதும் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வராமலிருக்க, இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னால் தள்ளும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே துறைமுக ஜீரோ கேட் பக்கம் கால் மணி நேரம் நின்ற காரின் பானட்டுக்குள் 65 டிகிரி அபூர்வமே இல்லை. அரை சதவீதம் சம்பாதிக்கப் போய் 9 சதவீதத்தை விடுகிற வேலை எது என்று இந்தக் கணக்கே காட்டிவிடும்.

மைலேஜ் பற்றி ஒரே பேச்சு. பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது காற்றைத் தடுப்பது ஃபில்டர் அல்ல, ஆக்ஸிலரேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தட்டு. அதுவே காற்றை அடைத்துக்கொண்டிருக்கும்போது அதற்கு முன்னால் உள்ள வழியை அகலமாக்கி என்ன பயன்? வண்ணாரப்பேட்டை டிராஃபிக்கில் ஓடும் பெட்ரோல் காருக்கு எந்த இன்டேக் மாற்றமும் மைலேஜ் தராது. மைலேஜுக்காகக் காசு செலவழிப்பவர் டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்க்கட்டும்.

மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க: தண்ணீர்க் குழாய்

உங்கள் காரில் அடைப்பு எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் தொட்டிக்குக் காற்று விடும் தெளிவான ட்யூப் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஆறு மீட்டர் ட்யூபும் இரண்டு மூன்று நேர் கனெக்டரும் போதும். இரண்டரை மீட்டரை 'ப' எழுத்து வடிவில் ஒரு பலகையில் கட்டுங்கள். ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும். தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்து இரு கைகளிலும் பாதி உயரம் வரை நிரப்புங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறுமுனை கதவு ரப்பர் இடுக்கு வழியாகப் பானட்டுக்குள் போகட்டும். ட்யூப் எங்கும் நசுங்கக் கூடாது.

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி வெளியே எடுத்து, சுத்தமான பக்கத்தில் (ஃபில்டரைத் தாண்டி இன்ஜினை நோக்கிய பக்கம்) கனெக்டர் இறுக்கமாக உட்காரும் அளவுக்கு ஒரே ஒரு துளை. பிளாஸ்டிக் பிசிறைப் பிளேடால் சீவி, மூடியைக் கழுவிக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும். சோதனை முடிந்ததும் கனெக்டரை அங்கேயே விட்டு, வெளிமுனையில் அடைத்த ட்யூப் துண்டு ஒன்றைச் செருகிவிடலாம். ஸ்க்ரூ போட்டு அடைக்காதீர்கள். கழன்றால் நேராக இன்ஜினுக்குள் போகும். வாரண்டி உள்ள கார் என்றால் துளை வேண்டாம். வால்வு கவரிலிருந்து இன்டேக் ஹோஸுக்கு வரும் பிரீதர் குழாயில் 'டி' கனெக்டர் போட்டும் அளக்கலாம். ஆனால் த்ராட்டிலுக்குப் பின்னால் மட்டும் ஒருபோதும் இணைக்காதீர்கள். அங்கே ஐட்லிங்கில் இருக்கும் வாக்யூம் முழுத் தண்ணீரையும் ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும்.

ஞாயிறு விடியற்காலை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் மீஞ்சூர் முனை இதற்குத் தோதான இடம். இரண்டாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர், 5,500 ஆர்பிஎம் வரை. பக்கத்தில் இருப்பவர்தான் தண்ணீரைப் பார்க்க வேண்டும், ஓட்டுபவர் அல்ல. இரு கைகளின் நீர்மட்ட வித்தியாசம் 10 செ.மீ. என்றால் 1 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 1 சதவீதம் காற்று இழப்பு. நல்ல நிலையில் இருக்கும் சிறிய பெட்ரோல் காரில் பெரும்பாலும் 10 முதல் 20 செ.மீ.க்குள் நிற்கும். அடுத்து அதே சோதனையைப் பெட்டியின் அழுக்குப் பக்கத்தில் (ஃபில்டருக்கு முன்னால், வெளிக் காற்று நுழையும் பக்கம்) செய்யுங்கள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது ஃபில்டரின் இழப்பு. இரண்டாவது அளவு, வெளிக் காற்றைப் பெட்டிக்குள் கொண்டுவரும் மூக்குக் குழாயின் இழப்பு.

இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மொத்தம் 15 செ.மீ.யில் ஃபில்டருக்கு 6 செ.மீ. என்று வந்தால், ஆறாயிரம் ரூபாய் ஃபில்டர் அந்த ஆறையும் முழுக்க மிச்சப்படுத்தினாலும் கிடைப்பது அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவும் 5,500 ஆர்பிஎம்மில் மட்டும்.

முதல் வழி: கம்பெனிப் பெட்டி, புதுப் பேப்பர் ஃபில்டர்

இதை 'மாடிஃபிகேஷன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிக்கப் குறைந்துவிட்டது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இதுதான். விலை ஏறத்தாழ 250 முதல் 600 ரூபாய்.

ஃபில்டரை விட முக்கியம் பெட்டி. சர்வீஸில் மூடியைத் திறந்து மூடும்போது கிளிப் உடைவது, ஸ்க்ரூ மரை போவது, மூக்குக் குழாய் பெட்டியில் சரியாக உட்காராமல் அரை இன்ச் விலகி நிற்பது எல்லாம் சகஜம். மூக்குக் குழாய் விலகியிருந்தால் வெளிக் காற்றுக்குப் பதில் ரேடியேட்டர் சூட்டை இழுக்கும். எலி கடித்த ஹோஸும் இந்தப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. மூடியைத் திறந்து, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் கோடு போலத் தூசி வந்தால் அங்கே கேஸ்கட் உட்காரவில்லை. அந்த இடைவெளி ஒரு மி.மீ. இருந்தாலும் ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான். பெட்டியின் அடியில் உள்ள சிறு வடிகால் துளையைத் தேவையில்லாத ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் வெளியேற விட்ட வழி அது.

பேப்பரைத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. பங்க்சர் கடைக் கம்ப்ரஸரை நேராக வைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். 30 பிஎஸ்ஐக்குக் கீழே, ஒரு சாண் தூரத்திலிருந்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி மட்டும் அடிக்கலாம். உப்பு ஈரத்தில் அப்பிய ஃபில்டருக்கு அதுவும் பயனில்லை, மாற்றிவிட வேண்டியதுதான். கையேட்டில் பெரிய இடைவெளி போட்டிருந்தாலும், தூசி நிறைந்த சாலைக்கு முன்கூட்டியே மாற்றச் சொல்லி அதே கையேட்டில் தனி வரி இருக்கும். மணலி, எண்ணூர், மாதவரம் லாரி வழித்தடங்களில் ஓடும் காருக்கு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து பார்த்து, 10,000 முதல் 15,000க்குள் மாற்றுவது எங்கள் பரிந்துரை.

டூப்ளிகேட் வாங்கிவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். மடிப்புகள் சீராக நிற்கின்றனவா, ரப்பர் விளிம்பு அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கித் திரும்புகிறதா, பின்னால் மொபைல் டார்ச் அடித்தால் எங்காவது ஊசி முனை அளவு வெளிச்சம் நேராக வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது வழி: அதே பெட்டிக்குள் காட்டன் ஃபில்டர்

எண்ணெய் பூசிய பருத்தித் துணி மடிப்பு. கே அண்ட் என், பிஎம்சி போன்றவை விற்பது இதுதான். விலை ஏறத்தாழ 4,000 முதல் 7,000. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், காற்றுத் தடை பேப்பரை விடச் சற்றுக் குறைவு. பெட்டி அப்படியே இருப்பதால் சூட்டுப் பிரச்சினை இல்லை.

சிக்கல் வடிகட்டும் திறனில். ஃபில்டர்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5011 முறையில் நல்ல பேப்பர் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். எண்ணெய்ப் பருத்தி பொதுவாக அதற்குக் கீழே. 99.5க்கும் 97க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். தலைகீழாகப் பாருங்கள். 100 கிராம் தூசி வந்தால் ஒன்று அரை கிராமை உள்ளே விடுகிறது, மற்றது 3 கிராமை. ஆறு மடங்கு. சுத்தமான சாலையில் 100 கிராம் சேர வருடக்கணக்காகும். சாம்பல் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கு அப்படியில்லை. உள்ளே போகும் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அது தேய்ப்புத் தாள்போல வேலை செய்யும்.

கழுவுவதும் இங்கே எளிதல்ல. கிளீனர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து மெதுவாகக் குழாய்த் தண்ணீர் விட்டு அலச வேண்டும். நிழலில்தான் காயவைக்க வேண்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ வைத்தால் துணி சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் முழுதாகக் காய ஒரு நாள் பிடிக்கும். அதுவரை வண்டி ஓட ஒரு பேப்பர் ஃபில்டர் கைவசம் வேண்டும். காய்ந்த பின் ஒவ்வொரு மடிப்பு முகட்டிலும் ஒரே ஒரு கோடு எண்ணெய், இருபது நிமிடம் ஊறவிட்டு, வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் ஒரு தொடுகை. எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே. கூடினால் அது பறந்து, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படியும். அப்போது சென்சார் உண்மையை விடக் குறைவாகக் காற்றைச் சொல்ல, கலவை மெலிந்து (பெட்ரோல் குறைந்து) பி0171 அல்லது பி0101 என்ற பிழைக் குறியீடு வரும். மாஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டுமே அடித்து, கம்பியைத் தொடாமல் முழுதாக உலரவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் சென்சாரே போய்விடும்.

சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் மாஃப் கிடையாது, த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அவற்றுக்கு எண்ணெய்த் தொல்லை இல்லை, தூசிக் கணக்கு மட்டும் நிற்கிறது. ஆகவே கொளத்தூர், பெரம்பூர் போன்ற உள் பகுதிகளில் மேப் சென்சார் கார் வைத்திருப்பவர், கழுவுவதில் பொறுமையும் உள்ளவர் என்றால் இது பரவாயில்லாத வழி. எண்ணூர்க்காரர்களுக்கு வேண்டாம்.

திறந்த கோன் ஃபில்டர்

ஆசை அதிகம் எழுவது இதன் மேல்தான். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹோஸ் முனையில் ஒரு கோன் (கூம்பு வடிவ ஃபில்டர்), ஒரு கிளாம்ப், அரை மணி நேர வேலை. மலிவானவை ஏறத்தாழ 800 முதல் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மாட்டியதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'குர்ர்' என்று ஓர் இழுப்புச் சத்தம். பிக்கப் கூடியதாக நம்புவது அந்தச் சத்தத்தால்தான். காதை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். மூன்றாவது கியரில் மணிக்கு 40லிருந்து 80 கி.மீ. வரை, ஒரே இடத்தில், போகும்போது மூன்று தடவை, வரும்போது மூன்று தடவை, ஸ்பீடோமீட்டரை மொபைலில் வீடியோ எடுத்து நொடிகளை எண்ணுங்கள். சராசரி வித்தியாசம் 0.2 நொடிக்குள் என்றால் ஒன்றும் மாறவில்லை என்றே பொருள்.

வழக்கமாக நடப்பது இது. ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடான காற்று நேராகக் கோன் மேல் வீசும். காரின் சென்சார் எண்களைப் படித்து மொபைலுக்கு அனுப்பும் ஓபிடி டாங்கிள் ஒன்றை மாட்டி, மொபைலில் இன்டேக் காற்று வெப்பத்தைப் பாருங்கள். கம்பெனிப் பெட்டியோடு ஓடும்போது வெளிக் காற்றை விட 5 முதல் 15 டிகிரி அதிகம் காட்டினால் இயல்பு. கோன் மாட்டியபின் சிக்னலில் நின்று கிளம்பும்போது 25, 30 டிகிரி ஏறியிருக்கும். கிளம்புகிற அந்த நேரத்தில்தானே பிக்கப் வேண்டும்?

மாஃப் உள்ள காரில் இன்னொரு குழி இருக்கிறது. சென்சார் அளப்பது தன் மேல் ஓடும் காற்றின் வேகத்தை. 60 மி.மீ. குழாயில் இருந்ததைக் கழற்றி 70 மி.மீ. பைப்பில் பொருத்தினால் அதே காற்று 73 சதவீத வேகத்தில்தான் ஓடும். கால் பங்குக்கு மேல் காற்று ஈசியூவின் கணக்கிலேயே வராது. அதை ஈடுகட்ட ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய் எல்லையைத் தொட்டதும் செக் இன்ஜின் விளக்கு எரியும். சென்சார் இருக்கும் குழாய்ப் பகுதியையும் அதன் முன்னால் உள்ள வலையையும் எந்த நிலையிலும் மாற்றாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கோன்தான் வேண்டும் என்றால் வெப்பத் தடுப்பு இல்லாமல் போடாதீர்கள். 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்து, இன்ஜின் பக்கமும் ரேடியேட்டர் பக்கமும் அடைத்து, மேல் விளிம்பில் கதவு பீடிங் ரப்பர் ஒட்டினால் பானட்டை மூடும்போது அது அழுந்தி ஓர் அறை உருவாகும். உயரம் சரியா என்று பார்க்கக் கோதுமை மாவு உருண்டைகளை விளிம்பில் மூன்று இடத்தில் வைத்துப் பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கி நிற்கும் மாவின் தடிமன்தான் இடைவெளி. 8 மி.மீ. வந்தால் 10 அல்லது 12 மி.மீ. பீடிங். பாடியோடு சேரும் இடத்தில் எம்6 போல்ட்டுக்கு ரப்பர் புஷ் போடாவிட்டால் தகடு அதிர்ந்து பெயின்ட்டை அரித்து, இந்தக் கடல் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும். இத்தனையும் செய்து முடித்தால் உங்களிடம் இருப்பது ஒரு பெட்டி. கழற்றி வைத்ததும் ஒரு பெட்டிதான்.

பம்பருக்குக் கீழே கோல்டு ஏர் பைப்

வெப்பக் கணக்கில் மட்டும் பார்த்தால் இதுவே சிறந்தது. நீள பைப் ஒன்று ஃபெண்டர் உட்புறம் இறங்கி பம்பருக்குப் பின்னால் முடியும், கோன் அங்கே. காற்று கிட்டத்தட்ட வெளி வெப்பத்திலேயே வரும்.

ஆனால் அந்த வாய் தரையிலிருந்து 25, 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் நிற்பது தெரிந்ததுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி புதுநகர் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. கம்ப்ரஷன் 11க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 30 சிசி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் ஏற முடியாது, தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். டீசல் இன்ஜினில் அந்த இடம் 20 சிசி அளவுக்குச் சிறியது. பக்கத்தில் ஒரு லாரி போனால் எழும் அலையே போதும். கம்பெனி மூக்குக் குழாயை கிரில்லின் உச்சியில் ஏன் வைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

தண்ணீர் வந்தால் மேலிருந்து காற்றை எடுக்கும் பைபாஸ் வால்வுகள் விற்கின்றன. அந்த வால்வே மூழ்கினால் அதுவும் உதவாது. வட சென்னையில் எந்தக் காருக்கும் இந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பைப் பொருள் பற்றி ஒரு வார்த்தை. பிளம்பிங் கடை பிவிசி பைப்பை வளைத்துச் செய்யும் வழக்கம் இருக்கிறது. 80 டிகிரியை நெருங்கினால் பிவிசி மெத்தென்று ஆகி, கிளாம்ப் இறுக்கிய இடம் நீள்வட்டமாகிக் காற்று கசியும். ஃபில்டருக்குப் பின்னால் அந்தக் கசிவு என்றால் தூசி நேராக உள்ளே. ஜிஐ பைப்பின் உட்புறம் துரு உரிந்து இன்ஜினுக்குள் போகும். அலுமினியமும் நல்ல சிலிக்கோன் ஹோஸும் 304 ஸ்டெயின்லெஸ் கிளாம்பும்தான் இந்த ஊர்க் காற்றுக்குத் தாங்கும்.

நாங்கள் செய்யச் சொல்வது: ஃபில்டருக்கு முன்னால் மட்டும் திருத்தம்

ஃபில்டருக்குப் பின்னால் எங்கே தவறு செய்தாலும் விலை இன்ஜின். முன்னால் தவறு செய்தால் போவது ஒரு ஹோஸ். கையால் வேலை செய்ய விரும்புகிறவருக்கு இந்த முன்பக்கத்திலேயே போதுமான வேலை இருக்கிறது.

தண்ணீர்க் குழாய் சோதனையில் அழுக்குப் பக்கம் 8 செ.மீ.க்கு மேல் காட்டினால் மூக்குக் குழாய் குறுகல் என்று பொருள். அல்லது ஓபிடியில் நின்று கிளம்பும்போது வெப்பம் அதிகம் ஏறினால் மூக்கு சூட்டை இழுக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து, பெட்டியின் அழுக்குப் பக்கத்துக்கு இரண்டாவது வாய். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் மேல் சட்டத்துக்கு மேலே இடம் பாருங்கள். அளவு நாடா வைத்து, புதிய வாயின் கீழ் விளிம்பு கம்பெனி வாயின் கீழ் விளிம்பை விடத் தாழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை.

50 மி.மீ. கம்பிச் சுருள் வைத்த, சூடு தாங்கும் நெகிழ் ஹோஸ் முக்கால் மீட்டர். பெட்டியின் அடிப்பாகத்தை வெளியே எடுத்து, அழுக்குப் பக்கச் சுவரில் வட்டத் துளை போடும் 'ஹோல் சா' கருவியால் துளையிட்டு, விளிம்புள்ள பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்றை உள்ளிருந்து செருகி நான்கு சிறு ரிவெட். ஹோஸின் நடுப்பகுதி வாயை விடச் சற்றுத் தாழ்ந்து தொங்கினால் மழைத் துளி அங்கே தங்கும். அந்தத் தாழ்ந்த இடத்தில் 4 மி.மீ. வடிகால் துளை ஒன்று போடுங்கள். வாயில் கொசு வலை கட்ட வேண்டாம், தூசி அடைத்து ஒரு மாதத்தில் புதிய தடையாகிவிடும். 5 மி.மீ. கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலை போதும், காய்ந்த இலை நிற்கும். ஃபேன் பெல்ட்டிலிருந்தும் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்தும் குறைந்தது ஒரு சாண் விலகி, இரண்டு இடத்தில் ரப்பர் வைத்த கிளிப்பால் கட்டிவிடுங்கள். பொருள் செலவு இரண்டாயிரத்தைத் தாண்டாது.

பெட்டியோடு ஒட்டியிருக்கும் வெற்று டப்பா போன்ற ரெசனேட்டரைக் கழற்றினால் காற்று கூடும் என்று சொல்வார்கள். காற்று அதன் வழியே போவதே இல்லை. அது சத்தத்தை விழுங்கும் அறை. கழற்றினால் சத்தம் மட்டும் கூடும். பெட்டியின் சுவர் முழுக்க ட்ரில் போட்டுச் சல்லடை ஆக்குவதும் வேண்டாம், திறந்த கோனின் சூட்டுப் பிரச்சினையைப் பெட்டியோடு சேர்த்து வாங்குவதுதான் அது.

டர்போ, டீசல், கேஸ்

டர்போ பெட்ரோலில் ஈசியூ இலக்கு அழுத்தத்தை வைத்தே வேலை செய்கிறது. இன்டேக்கைத் திறந்தால் டர்போவின் உழைப்பு கொஞ்சம் குறையும், ரீமேப் (ஈசியூ மென்பொருளை மாற்றுவது) இல்லாமல் பவர் பெரிதாகக் கூடாது. நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றும் கம்ப்ரஸர் இறக்கையில் தூசி பட்டால் விளிம்பு அரிக்கும். டர்போ காருக்கு நல்ல பேப்பர் ஃபில்டரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பிஎஸ்6 டீசலில் மாஃப் சொல்லும் எண்ணை வைத்துத்தான் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) திறக்கிறது. எண் தவறினால் கரி கூடி, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைக்கும், அதை மாற்றும் செலவு பெரியது. ஆனால் டீசலுக்கு அடைத்த ஃபில்டர் பெட்ரோலை விடக் கெடுதல் செய்யும். ஆகவே ஃபில்டர் மாற்றும் இடைவெளியைக் குறைப்பதுதான் டீசலுக்கு உண்மையான மேம்பாடு.

பழைய மிக்ஸர் வகை எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட கார்களில் கேஸ் கலப்பது இன்டேக் குழாயிலேயே. பேக்ஃபயர் வந்தால் தீ அந்த வழியாகத் திரும்பி வரும். இவற்றில் குழாயை மாற்றவே கூடாது.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அதே பெட்டிக்குள் வேறு ஃபில்டர் போடுவதற்கும், பெட்டியையே எடுத்துவிட்டுச் சத்தமாக ஓடுவதற்கும் சோதனையில் நிற்கும்போது பெரிய வித்தியாசம் தெரியும். வாரண்டி உள்ள வண்டியில் பெட்டியைத் துளைத்தால் இன்ஜின் சம்பந்தப்பட்ட எந்தக் கோரிக்கையிலும் அது பேச்சாக வரும். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது, இன்ஜின் பாதுகாப்புக்குத் தனி இணைப்பு வேண்டும். கம்பெனி மூக்கைத் தாழ்த்தி வைத்த காருக்கு அந்த இணைப்பும் தகராறில் முடியலாம்.

வேலை முடிந்த பிறகு

எதை மாட்டினாலும் இன்ஜின் சூடானபின் ஓபிடியில் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம்மை (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற எண்) பாருங்கள். பிளஸ் மைனஸ் 5க்குள் நிற்க வேண்டும். மாஃப் உள்ள காரில் ஐட்லிங்கில் பிளஸ் 10க்கு மேல் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் கசிவு பெரும்பாலும் த்ராட்டிலுக்குப் பின்னால். அதே காரில் லோடு கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் சென்சார் அழுக்கு அல்லது அதன் இடம் தவறு. 500 கி.மீ. ஓடியதும் எல்லாக் கிளாம்ப்பையும் ஒருமுறை இறுக்குங்கள், புது ரப்பர் அதற்குள் அமுங்கியிருக்கும். அதே நாளில் மூடியைத் திறந்து ஃபில்டருக்குப் பின்னால் மறுபடியும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் கோடு தெரிந்தால் அன்றே பழைய பெட்டியையும் பேப்பரையும் திருப்பி மாட்டிவிட்டு, கசிவைக் கண்டுபிடிக்கும் வரை மாற்றிய பாகத்தை வீட்டிலேயே வையுங்கள்.